சில்லறை

இருபத்தாறு வருடம் இந்தச் சந்தைக்கு
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறேன்.
பின்வாசல் வழியே,
ஐஸ் உடைக்கும் மேடையைச் சுற்றி,
செதில் ஒட்டிய சுவரில்
துருப்பிடித்த பெட்டியைத் திறந்து
யூனிட்டைக் குறித்துக்கொண்டு
மூக்கைப் பொத்தியபடி வெளியேறிவிடுவேன்.
குளச்சல் நகராட்சிச் சந்தை
எனக்கு வெறும் ஐந்து இலக்கம்.

இன்றைக்கு முன்வாசல்.
லில்லிபுஷ்பத்தின் கணுக்கால் மாவுக்கட்டில் இருக்கிறது.
சட்டைப் பையில் அவள் எழுதிய சீட்டு:
சாளை அரைக் கிலோ.
மரச்சீனி இரண்டு கிலோ.
கொடம்புளி, பழையது, கறுத்தது.
மட்டிப்பழம் ஒரு சீப்பு, காம்பு பார்க்கணும்.
"பார்க்கணும்" என்பதன் கீழே இரட்டைக் கோடு.

தரை முழுக்கத் தண்ணீர்.
எல்லோரும் நடக்கிறார்கள், நான் மட்டும் வழுக்குகிறேன்.
"நவரை! கண்ணு முழிச்ச நவரை!"
முழித்துத்தான் இருந்தது. என்னைத்தான் பார்த்தது.

"சாளையா? ஆரு சொன்னது?"
கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் கொச்சுமரியாள்.
"வீட்டுல."
"எந்த வீடு?"
சீட்டை நீட்டினேன். அவள் வாசிக்கவில்லை,
அந்த இரட்டைக் கோட்டை மட்டும் பார்த்தாள்.
"இது லில்லிக்க கோடுல்லா!
காலு இப்பம் எப்பிடி இருக்கு?
சாளை வேண்டாம், ரெண்டு ராத்திரி ஐஸுல கெடந்தது.
அயிலை கொண்டு போங்க.
கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."
"விலை?"
"அவளுக்க விலைதான்."

அவளுடைய விலை எவ்வளவு என்று
எனக்குத் தெரியவில்லை.
நோட்டை நீட்டினேன்,
எதிர்பார்த்ததைவிட அதிகம் திரும்பி வந்தது,
ஈரமாக.

மரச்சீனிக்காரர் கிழங்கை ஒடித்து
வெள்ளையைக் காட்டினார், நான் கேட்காமலே.
"ஒடிச்சுக் காட்டலேன்னா அவங்க எடுக்கமாட்டாங்க."
புளிக்கடையில் மோந்து பார்க்கச் சொன்னார்கள்.
மோந்தேன்.
என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று தெரியாமல்
தலையை ஆட்டினேன்.
பழக்கடைக்காரர் முதல் சீப்பை
அவராகவே திரும்பத் தொங்கவிட்டு
வேறொன்றை அறுத்தார்.

பை கனத்தது.
செய்யதுவின் சாயாக்கடை ஓரம்
கைமாற்ற நின்றேன்.
"கரண்டு சாரா? இரிங்க.
அங்க இல்ல, இங்க. இதுதான் அக்காவுக்க இடம்."
கிழித்த தாளில் ஒரு பழம்பொரி வந்தது.
இஞ்சி தட்டிய சாயா வந்தது.
நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எண்ணெய்ப் பலகாரம் நெஞ்சைக் கரிக்கும் என்று
என் தட்டிலேயே எல்லாவற்றையும் தள்ளுகிறவள்.

"எல்லாச் சனிக்கிழமையும் பத்து நிமிசம்.
ஒண்ணும் பேசமாட்டாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து நிமிர்ந்தால்
நேர் எதிரே என் துருப்பெட்டி.
இந்த இடத்துக்கு முதுகைக் காட்டித்தான்
குனிந்து நின்றிருக்கிறேன் அத்தனை தடவையும்.

"ஒரு நாளு நீங்க வந்திய.
கூப்பிடட்டான்னு கேட்டேன்.
வேண்டாம், அவரு பெயிட்டு வரட்டும்னு சொல்லிட்டாங்க."
செய்யது சிரித்தார்.
நான் பழம்பொரியின் முறுகிய விளிம்பை
முதலில் கடித்தேன், அதுதான் முறை போல.

வீட்டுக் கணக்கு நோட்டு என் பொறுப்பு.
ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் சொல்ல
நான் எழுதிய கடைசி வரி "சில்லறை".
ஒரு காலத்தில் மூன்று ரூபாய்,
பிறகு ஏழு, பதினான்கு.
குருசடி உண்டியலில் போடுகிறாள் என்று
நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கட்டுக்காலை நாற்காலியில் நீட்டி
அயிலையின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
குறை சொல்லவில்லை.
கொச்சுமரியாளுக்கு அந்தப் பாராட்டு போய்ச் சேராது.
நான் நோட்டை விரித்து எழுதினேன்:
அயிலை. மரச்சீனி. புளி. பழம்.
சில்லறை இருபத்திரண்டு.

எட்டிப் பார்த்தாள்.
மீனைத் திருப்பிப் போட்டாள்.
வெகுநேரம் கழித்து,
கத்தியை எடுக்கிற சாக்கில்,
"இஞ்சி கூட்டிப் போட்டானா?" என்றாள்.